பேர் சொல்லிக் கூப்பிடு

என் வீட்டுக்காரருக்குத் திருச்செந்தூர்ச் சாமியின் பெயர். அந்தச் சாமிக்கு எத்தனையோ பெயர்கள் உண்டு. அதில் எது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். கட்டினவர் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் நான். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு படித்தும் அது போகவில்லை. இத்தனைக்கும் அவர் சாமியே கும்பிடாதவர்.

கொழும்புத் துறைமுகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் அவர். அங்கே கப்பல்காரர்களிடம் புத்தகங்கள் வாங்கிப் படித்து, தலை நிறைய யோசனையோடு திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்தார். தெருவில் எல்லாரும் அவரைக் 'கொழும்பார்' என்றே அழைத்தார்கள். சொந்தப் பெயர் அங்கே யாருக்காவது தெரியுமா என்பதே சந்தேகம்.

அது ஊரே சுதேசியம் பேசிய காலம். சாயங்காலம் ஆற்று மணலில் கூட்டம் கூடும். வெள்ளைக்காரன் போக வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், இவரும் சொல்வார். அதோடு நிறுத்தினால் என்ன? "அவன் எந்திச்சுப் போன நாற்காலியில நாமளும் உக்காரக்கூடாது. நாற்காலியே வேண்டாம்" என்று பேசிவிட்டு வருவார். பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள் என்று அதையும் அவரே வீட்டில் வந்து சொல்வார். எனக்கு எல்லாம் விசித்திரமாக இருக்கும். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியாது.

"ராசா இல்ல, போலீசு இல்ல, கோர்ட்டு இல்லன்னா ஊரு எப்படி நடக்கும்?" என்று ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன்.

"உங்க அப்பா வயலுக்கு வாய்க்கால் தண்ணி எப்படி வருது?" என்றார்.

"முறை வச்சுப் பாய்ச்சுதாங்க. மேல்மடைக்காரங்க ஒரு நாளு, கீழ்மடைக்காரங்க ஒரு நாளு."

"அதுக்கு எந்தக் கலெக்டர் வந்து உத்தரவு போட்டான்?"

யோசித்தேன். யாரும் போட்டதாகத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட மனம் வருமா? "போன கோடையில திருட்டுத்தனமா மடையைத் திறந்து ரெண்டு பேரு மண்டை உடைஞ்சுதே, அதுக்கு என்ன சொல்லுதீங்க?" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. யார் திறந்தது, யார் அடித்தது, யார் பேசிச் சமாதானம் செய்தது என்று துருவித் துருவிக் கேட்டார். இலையில் சோறு ஆறிப்போனது. தன்னை மடக்கினவளிடமே விவரம் கேட்கிற ஆம்பளையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குள்ளும் ஆட்சி கூடாது என்பது அவர் கட்சி. சாப்பிட்ட இலையை அவரே எடுப்பார். என்னை 'ஏட்டி' என்று கூப்பிட்டதே இல்லை, பெயர்தான். "நீயும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு. அதுவரைக்கும் இந்த வீட்டுல ஒரு ராசா இருக்கான், அது நான்தான். எனக்கே வெக்கமா இருக்கு" என்பார். தினமும் இதே பாட்டு. முயன்று பார்த்தேன். முதல் எழுத்து நாக்குக்கு வருவதற்குள் சிரிப்பு வரும், உடனே பயமும் வரும். "கூப்பிடுன்னு உத்தரவு போடுதீங்களே, அது மட்டும் சரியா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தார். வரி கட்டாதீர்கள், கோர்ட்டுக்குப் போகாதீர்கள், உங்கள் வழக்கை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அதில் இருந்தது. அடியில் சொந்தப் பெயரையே போட்டிருந்தார். ஒளிந்துகொண்டு பேசுவது ஒரு பேச்சா என்று கேட்டார். அதைவிடக் குறைவாகப் பேசினவர்களே கடுங்காவலில் கிடந்தார்கள்.

ஒருநாள் காலையில் அவர் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தபோது, ஏட்டு ஒருவர் இன்னொரு போலீஸ்காரரோடு வாசலில் வந்து நின்றார். நோட்டீஸில் இருந்த பெயர் அவர்களுக்குத் தெரியும். ஆள் யார், எந்த வீடு என்று தெரியாது. வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

"அதை எப்படி ஏட்டையா நான் சொல்ல?"

வெளியூர் அதிகாரியாக இருந்தால் அதட்டியிருப்பான். இவர் நம்ம பக்கத்து மனுஷர், இவர் வீட்டிலும் இதே கதையாகத்தான் இருக்கும். "சரி, சாடையாச் சொல்லுங்க. சாமி பேரா?" என்றார்.

"ஆமா."

"எந்த ஊருச் சாமி?"

திருச்செந்தூர் என்று சொன்னால் தீர்ந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். "வேற எங்க? நம்ம டவுன் பெரிய கோயில் சாமிதான்" என்றேன். அந்தச் சாமியின் பெயரை ஏட்டே சொல்லி, "அதுதானே?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று நினைத்திருப்பார். "இந்த வீடு இல்ல வே" என்று கூட வந்தவரிடம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

ஈரத் துண்டோடு வந்தவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "எதை ஒழிக்கணும்னு சொன்னேனோ, அதுவா என்னைக் காப்பாத்திச்சு?" என்றார்.

"யாருக்கும் கீழ்ப்படியாதேன்னு சொன்னீங்க. உங்களுக்கும் கீழ்ப்படியல, ஏட்டுக்கும் கீழ்ப்படியல. இதுக்கு மேல நான் என்ன செய்யணும்?" என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது.

ஏட்டு திரும்பி வர எவ்வளவு நேரமாகும்? அன்றைக்கே வண்டி கட்டிக் காயல்பட்டினம் போனோம். கொழும்பில் பழகிய வியாபாரி ஒருவர் தம் தோணியில் அவருக்கு இடம் கொடுத்தார். கொழும்பு போய் நிலைப்பட்டதும் என்னை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. தோணியைத் தள்ளிவிட்ட பிறகுதான் பார்த்தேன், வழியில் பத்திரமாக வைத்துக்கொள்ளக் கொடுத்த அவருடைய மூக்குக்கண்ணாடி என் மடியிலேயே இருந்தது. அது இல்லாமல் அவரால் ஒரு வரி படிக்க முடியாது.

"ஏங்க!" என்று கத்தினேன். தோணியில் இருந்த ஆம்பளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், அவரைத் தவிர. கடலைப் பார்த்துக்கொண்டு என்ன யோசனையில் இருந்தாரோ. மறுபடியும் கத்தினேன். தோணி நகர்ந்துகொண்டே இருந்தது.

அப்போது அந்தப் பெயர் என் வாயிலிருந்து வந்தது. முழுப் பெயரும், கரை முழுக்கக் கேட்கும்படி.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். தோணி ஆட, பக்கத்திலிருந்தவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். தோணிக்காரர் ஒருவர் தண்ணீரில் இறங்கி வந்து கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனார். அவர் அதை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்து, "இன்னொரு தடவை!" என்று கத்தினார். சுற்றிலும் இத்தனை பேர் நிற்கிறார்களே. மாட்டேன் என்று தலையாட்டினேன். நானும் கொழும்பு போய்ச் சேர்ந்ததும் ஆசைதீரச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த வருஷ மழைக்காலத்திலேயே காய்ச்சல் கண்டு அங்கேயே போய்விட்டார். இப்போதெல்லாம் யாரும் இல்லாத நேரத்தில் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன். சிரிப்பும் வருவதில்லை, பயமும் வருவதில்லை.