கம்பவுண்டர் சொல்லிக்கொடுத்த நீள வார்த்தை

பிள்ளைகளா, உங்கள் அம்மாவுக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைப்பதற்கு முன்பு நடந்ததை எழுதுகிறேன். அப்போது ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் நான் தேயிலை பேக்டரியில் இருந்தேன்; அவள் கொழுந்தெடுத்தாள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த வேலைக்கு, மருந்துப் போத்தல்களில் இருக்கும் இங்கிலீஷ் பெயர்களை வாசித்துக்காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்டவர் டிஸ்பென்சரி கம்பவுண்டர். பதுளையில் படித்தவர். கல்யாணமாகாதவர். சட்டை மடிப்புக் கலையாதவர். போதாதா எனக்கு?

சாயங்காலம் கொழுந்தை எடை போட்டதும் அவள் அங்கே போய்விடுவாள். வீட்டுக்கு வந்து ரொட்டி தட்டும்போதும் அவர் பேச்சுத்தான். நீள வார்த்தையை ஒரே மூச்சில் விழுங்கக் கூடாதாம். 'டிஸின்ஃபெக்டன்ட்' என்றால் டிஸ், இன், ஃபெக், டன்ட் என்று நாலு துண்டாம். மூன்றாவதை அழுத்திச் சொல்லி, மற்றதை லேசாக விட வேண்டுமாம். அர்த்தத்துக்கு மட்டும் வேறு மாதிரிப் பிரிப்பார்களாம்: 'டிஸ்' என்றால் நீக்குவது, 'இன்ஃபெக்ட்' என்றால் நோய் தொற்றுவது, கடைசி 'அன்ட்' அந்த வேலையைச் செய்கிற பொருள். மொத்தத்தில் கிருமி கொல்லும் மருந்து. எனக்கு அந்த மருந்தின் வாசனையே பிடிக்காமல் போயிற்று.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் நானும் அந்த வார்த்தையைச் சொன்னேன். விடிந்ததும் ஆள் கணக்கெடுத்து, பிந்தி வந்தவர்களை விரட்டிவிடும் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடுவதைக் கேட்டே பழகிய காது என்னுடையது. கடைசித் துண்டை மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி இழுத்தேன். அவள் ரொட்டியை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஏங்க, பெரட்டுக்கு லேட்டா வந்துச்சுன்னு அதை வெரட்டிறாதீங்க."

"அந்த ஐயா சொன்னா மட்டும் இனிக்குதோ?" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. கையில் ஒட்டிய மாவைத் துடைத்தபடி சொன்னாள்: "எனக்கு அந்த வேலை வேணுங்க. மழையிலயும் அட்டைக் கடியிலயும் காலு ரெண்டும் புண்ணு. அவரு சொல்லித் தாறாரு, நான் படிக்கிறேன். நாளைக்கும் போவேன்."

அவள் காலைப் பார்த்தேன். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. பொறாமையும் போகவில்லை.

மறுநாள் தலைவலி என்று நானும் டிஸ்பென்சரிக்குப் போனேன். கம்பவுண்டர் வில்லை கொடுத்து, போய்ப் படுக்கச் சொன்னார். இங்கேயே கொஞ்சம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். உங்கள் அம்மா என் பக்கம் திரும்பாமலே வாசித்தாள். அவளுக்கு வேலை கிடைக்கும் வரை எனக்கு அந்தத் தலைவலி தீரவே இல்லை.