பொத்தானின் மெத்தை

என் தங்கை வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கேட்டால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ‘மடிப்பு’ என்றால் கடை வரைக்கும் கூட்டி வந்து விடுவார்கள். மீசை முளைக்கும் முன்னே இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தவர். அவருடைய கைக்குட்டையில்கூட நாலு மூலையும் கத்தி மாதிரி நிற்கும். பக்கத்தில் வெல்டிங் கடை வைத்திருக்கும் நான் வாசலில் நின்றாலே, “மச்சான், அந்தக் கரிக்கையோட உள்ள வராதீங்க” என்று விரட்டுவார்.

அந்தக் கடைக்குள் ஒரு கினிப்பன்றி வந்து சேர்ந்தது. பேர்தான் பன்றி. பார்த்தால் வாலில்லாத கொழுத்த எலி. அவர் மகள் ‘பொத்தான்’ என்று பேர் வைத்து ஆசையாக வளர்த்தது. அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது; தங்கும் விடுதியில் பிராணிகளை விட மாட்டார்களாம். “அப்பா, பொத்தானை உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வெள்ளைச் சட்டையில் முடி ஒட்டும் என்று முதலில் முறைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கீரைப் பை சலசலத்தாலே அது ‘வீக், வீக்’ என்று விசிலடித்து வரவேற்கும். மனிதர் அதில் விழுந்துவிட்டார். பாவம், கல்யாணமான நாளிலிருந்து அவரை யாரும் அப்படி வரவேற்றதில்லை.

தினமும் காலையில் ஒரு துணியைச் சூடாக இஸ்திரி போட்டுக் கூண்டில் விரிப்பார். “ராஜா வீட்டுப் பிள்ளைக்குக்கூட இப்படி மெத்தை கிடையாது, மச்சான்” என்பார்.

ஒரு நாள் காலையில் விசில் இல்லை. கீரையை மூக்குக்கு நேராக நீட்டியும் திரும்பவில்லை. மூலையில் முடி சிலிர்த்துக் குறுகி உட்கார்ந்திருந்தது. தும்மியது. முன்னங்காலை ஊன்றாமல் தூக்கித் தூக்கி வைத்தது.

“நானும் சொல்லிக்கிட்டே இருக்கேண்ணே, கூண்டுகிட்ட போனா கண்ணு எரியுதுன்னு. காதுல போட்டாத்தானே!” என்றாள் தங்கை.

“என் கடையில வாடையா? யார்கிட்ட பேசுற?”

“உங்களுக்கு எங்க தெரியும்? சோப்பும் ஆவியுமா அந்த மூக்கு செத்து எத்தனை வருஷமாச்சு!”

அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன். பொத்தான் சத்தம் கேட்க வேண்டுமாம். இவர் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வாயைக் குவித்து, “வீக், வீக்” என்றார். எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது.

“அப்பா, அது நீங்க. பொத்தானுக்கு என்னாச்சு?”

அவர் முகத்தைப் பார்த்ததும் வந்த சிரிப்பு அப்படியே உள்ளே போனது. போனை நான் வாங்கினேன். “கொஞ்சம் சோர்வா இருக்கும்மா. சாயங்காலம் பார்த்துட்டுச் சொல்றோம்.”

“மாமா, சாப்பிடாம இருந்தா சாயங்காலம் வரைக்கும் தாங்காது. இப்பவே டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க.”

அவர் அதைத் துண்டில் சுற்றித் தூக்கினார். நான் கூண்டுத் துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். மேலே பால் வெள்ளை. அதற்கடியில் மஞ்சள். அதற்கும் அடியில் பழுப்பு. கடைசித் துணி சொதசொதவென்று பலகையோடு ஒட்டிக் கிடந்தது. நெடி மூளை வரை ஏறியது.

“என்ன மாப்ளே இது? பழசை எடுக்கவே இல்லையா?”

“இஸ்திரி மேஜைக்கு அப்படித்தானே மச்சான்? துணி கருகினா மேலயே இன்னொண்ணு விரிப்போம். மெத்துனு இருக்கும்...”

“மேஜை மூத்திரம் போகாது மாப்ளே!”

கால்நடை மருத்துவர் அம்மா பொத்தானைத் திருப்பி உள்ளங்காலைக் காட்டினார். சிவந்து வீங்கி, ஓரத்தில் புண். “ஈரத்துலயே நின்னா பாதம் இப்படித்தான் ஆகும். அந்த நெடிதான் தும்மலையும் கிளப்பியிருக்கும். நெஞ்சுல சளி இல்ல, நல்ல வேளை.” புண்ணைத் துடைத்து மருந்து போட்டார். ஊசியில்லாத சிரிஞ்சால் கரைத்த உணவு ஊட்டக் கற்றுக்கொடுத்தார். “வீட்டுல கிடக்கிற களிம்பெல்லாம் தடவாதீங்க, நக்கிடும். ஈரமானதை அன்னன்னிக்கே எடுத்துடணும். காலையும் அடிப்பக்கத்தையும் அடிக்கடி திருப்பிப் பாருங்க.”

“நல்ல சோப்பு போட்டுக் குளிப்பாட்டி விடலாமா டாக்டர்?”

“இதைத் துவைக்காதீங்க சார். கூண்டைத் துவைங்க.”

அன்றைக்கே கூண்டைப் பலகை தெரியத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்தார். அதற்குப் பிறகு காலையில் முதல் வேலை அதுதான். துணியை அடிவரை உருவிவிட்டு, பலகையைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார், சட்டைக் காலரில் ஈரம் பார்ப்பதுபோல. தன் மூக்கை மட்டும் நம்பவில்லை. “கொஞ்சம் மோந்து பாரேன்” என்று என் தங்கையைக் கூப்பிடுவார். அவள் இடுப்பில் கை வைத்துக் குனிந்து, வேண்டுமென்றே நேரமெடுத்துக்கொண்டு, “ம், இன்னிக்குப் பாஸ்” என்பாள். அவளுக்கு வீட்டில் இப்படி ஒரு பதவி அதுவரை கிடைத்ததில்லை.

புண் காய்ந்தது. தும்மலும் நின்றது. சிரிஞ்சைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொண்டு, தானாகவே புல்லைக் கடிக்க ஆரம்பித்தது. விசில் மட்டும் வரவில்லை. இவரோ கடைக்கு வருகிறவர்களிடம்கூடப் பேச்சைக் குறைத்துவிட்டார்.

ஒரு காலையில் கீரைப் பையோடு உள்ளே நுழைந்தார். ‘வீக், வீக், வீக்!’ என் கடைக்கே கேட்டது. கையிலிருந்த கம்பி பிரஷோடு ஓடினேன். மனிதர் அதற்குள் மகளைக் கூப்பிட்டு, போனைக் கூண்டுக்குள் நீட்டியிருந்தார்.

“அப்பா, மறுபடியும் நீங்களா?”

“நான் இல்லம்மா! சத்தியமா இல்ல! மச்சான், நீங்களாவது சொல்லுங்களேன்!”

நான் வாசலிலிருந்தே கத்தினேன். “உங்கப்பா வாய் மூடித்தான் இருந்துச்சும்மா. அது கீரை கேக்குது, இவரு போனை நீட்டுறாரு. முதல்ல கீரையைப் போடச் சொல்லு!”

அந்தப் பக்கம் அவள் சிரிப்பது எனக்கே கேட்டது. அவர் கீரையை வைத்தார். தண்டெல்லாம் ஒரே நீளத்தில், ஒரே பக்கம் பார்த்து, மடிப்புக் கலையாமல்.