கீறலக்காவைக் குழப்பிய நீலக் கல்

உலைக்குள் அடுக்கும் செங்கல் செய்கிற அந்தத் தொழிற்சாலையில் கீறலக்கா என்றால்தான் ஆளைத் தெரியும். லாரியில் வரும் கல்லைக் கையில் தூக்கிக் கனம் பார்ப்பாள். பீங்கான் ஓட்டில் தேய்த்து, என்ன நிறத்தில் கோடு விழுகிறது என்று பார்ப்பாள். கடைசியில் கத்தியால் கீறுவாள். கீறல் விழுந்தால் மெத்து, விழாவிட்டால் கெட்டி. அவள் சொன்னால் சொன்னதுதான். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. புதுத் தட்டு வந்தால் அதன் முதுகில் ஒரு கீறல் போட்டுவிட்டுத்தான் கழுவுவாள். கட்டிக்கொண்டவர் தப்பித்ததே பெரிய விஷயம்.

இப்போது அவளுக்கு எதிர் நாற்காலியில் அவள் நாத்தனார். வேலையில் சேர்த்துவிட்டதே கீறலக்காதான்.

அன்று காலை பட்டை பட்டையாக ஒரு நீலக் கல் வந்தது. அதுவரை அங்கே வராத சரக்கு. கீறலக்கா கீறினாள், விழவில்லை. அதே கல்லை வாங்கி நாத்தனார் கீறினாள், பளிச்சென்று கோடு.

"கீறுது அண்ணி."

"கீறவே இல்லடி. கண்ணைத் தொடச்சிட்டுப் பாரு."

"நீங்க பாருங்க!"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று முணுமுணுத்தபடி கீறலக்கா கத்தியை மாற்றிப் பார்த்தாள். அப்போதும் அவள் கீறினால் விழவில்லை, இவள் கீறினால் விழுந்தது. இதென்ன கண்கட்டு வித்தை!

மேனேஜருக்கு எதிலும் அவசரம். "ஒரு கல்லுக்கு ரெண்டு பதிலா? ஒருத்தர் கை தப்பு. சாப்பாட்டு மணிக்குள்ள யாருன்னு சொல்லுங்க. அவங்க லோடு ஏத்தப் போகலாம்."

கீறலக்கா தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். செங்கல் சுமக்க இந்த இடுப்பு தாங்குமா? அதுகூடப் போகட்டும், இத்தனை வருஷம் நம்பிய கையாயிற்றே! கை போய்விட்டதா, கண் போய்விட்டதா? இதுவரை கெட்டி என்று சொன்னதெல்லாம் கெட்டிதானா? டீ டம்ளரைக் கீறினாள், மேஜையைக் கீறினாள், தன் நகத்தையும் கீறினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மணி அடித்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் எழுந்தாள். "என் கைதான் சார் தப்பு. அண்ணி கை தப்பாது." சொல்லிவிட்டு லாரிப் பக்கம் போய்விட்டாள்.

அப்பாடா என்றிருந்தது கீறலக்காவுக்கு. உடனே அந்த அப்பாடாவை நினைத்துக் கூசியது. எழுந்து போய் நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் காய் நறுக்கும் லட்சணம் நினைவுக்கு வந்தது. எதையும் நீளவாக்கில்தான் சீவுவாள். வட்டமாக நறுக்கும் அண்ணிக்கும் அவளுக்கும் அதில் தினம் சண்டை. சும்மா, அவளைப் போலவே நீலக் கல்லின் மேல் கத்தியை நீளவாக்கில் இழுத்தாள். கோடு விழுந்தது. தன் வழக்கப்படி குறுக்கே இழுத்தாள். விழவில்லை.

அடப்பாவிக் கல்லே! கயனைட் என்கிற அந்தக் கல்லின் பிறவிக் குணமே அதுதான், நீளவாக்கில் மெத்து, குறுக்கே கெட்டி. கீறலக்காவுக்கு அதையெல்லாம் யார் சொன்னார்கள்? வாயை மூடிக்கொண்டால் நாற்காலி அவளுக்கு. சொன்னால், இப்படியும் ஒரு கல்லா என்று இரண்டு பேரையும் மேனேஜர் லோடு ஏற்ற அனுப்பினாலும் அனுப்புவார்.

கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். லாரியடியில் நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து மேனேஜர் முன்னால் நிறுத்தினாள். இருவரும் கீறிக் காட்டினார்கள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இப்ப இது கீறுமா, கீறாதா?"

"கீறாது," என்றாள் கீறலக்கா.

"கீறும்," என்றாள் நாத்தனார்.

"போய் அவங்கவங்க நாற்காலியில உக்காருங்க. எனக்குத் தலை சுத்துது."

திரும்பி வரும்போது நாத்தனார் மெல்லக் கேட்டாள். "அப்போ என் கை தப்பில்லையா அண்ணி? நான் உண்மையாவே என் கைதான்னு நெனச்சேன்."

"நானும்தாண்டி, என் கைதான்னு நெனச்சேன்," என்றாள் கீறலக்கா.