மொத்தமாக வாங்குங்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில், அரிசிக்கு இன்னும் ரேஷன் வராத நாளில், தாராவியில் ஞாயிறு மத்தியானங்களில் பெண்களுக்குக் குடும்பச் செலவு பற்றி வகுப்பு எடுத்தேன். தராசு முள்ளைப் பார்ப்பது, மீதிச் சில்லறையை எண்ணுவது, புதிதாக வந்த கிலோ கணக்கு எல்லாம் சொல்லிக்கொடுப்பேன். எனக்கு இருபத்திரண்டு வயது. மாதுங்காவில் இரண்டாம் மாடியில் வீடு, அப்பாவுக்கு மாதச் சம்பளம். எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு வேறு.

வந்தவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள். புருஷன்மார் தோல் பட்டறையில் வேலை பார்த்தார்கள். சந்து முனைக் கடையில் அன்றாடம் அரைக் கிலோ அரிசி, ஒரு கரண்டி எண்ணெய் என்று வாங்குவார்கள். கையில் காசில்லாத நாளில் கடன். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாதச் சாமானை மார்க்கெட்டில் மொத்தமாக வாங்கினால் எவ்வளவு மிச்சம் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். "இதுகூடவா தெரியாது?" என்று கேட்டும் இருக்கிறேன்.

ஒருத்தி மட்டும் அதன்படி செய்தாள். மூன்று பிள்ளைக்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவளையும் நான் ஒருமையில்தான் பேசுவேன். ஜூன் பிறந்ததும் அரை மூட்டை அரிசியும் பருப்பும் வாங்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். அவளை முன்னால் நிறுத்தி எல்லாரையும் கைதட்டச் சொன்னேன். காதில் கம்மல் இருந்த இடத்தில் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். பார்த்தேன். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து பஜ்ஜி தின்றோம்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் பாதிப் பேர் இல்லை. அவள் வந்திருந்தாள்.

"வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி, டீச்சர். அரிசி, பருப்பு எல்லாம் நாறிப் போச்சு."

"தரையிலயா வெச்சே? ஒசரத்துல வெக்க வேண்டாமோ?"

"ஒசரம்னு எங்க வீட்ல இருக்கது ஒரு கயித்துக் கட்டிலு. அதுல பிள்ளையள நிறுத்திட்டேன்."

எனக்குக் காது சுட்டது. அவள் முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

"முனைக் கடைக்காரரு கடன் தர மாட்டேங்காரு. மொத்தமா வாங்குன எடத்துலயே போய்க் கேளுங்காரு. இந்த மாசத்துக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க, டீச்சர்."

குத்திக் காட்டக் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் கேட்டாள். என் கைப்பையில் ஐந்து ரூபாய் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் தப்பு என்னுடையது என்று ஆகிவிடுமே என்று தோன்றியது. இதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

பலகைப் பக்கம் திரும்பி, அன்றைக்கு வைத்திருந்த பாடத்தைத் தொடங்கினேன்: தபாலாபீஸில் பணம் சேர்ப்பது எப்படி. அவள் கடைசிவரை உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் போனாள்.