ரெக்சன் ஊதினால் ஷட்டர் இறங்கும்

துறைமுகத்தில் லாரிகளை எடை போடுவது ரெக்சனின் வேலை. நிலக்கரி லாரி உரசிக்கொண்டு போனாலும் அசராத ஆள். ஆனால் தான் ஊதும் பிரெஞ்சு ஹார்ன் என்ற பித்தளை வாத்தியத்தைக் கண்டால் அவருக்கே பயம்.

காரணம் உண்டு. லீவு நாட்களில் அவர் சாவு விழுந்த துஷ்டி வீடுகளுக்குப் போகும் பேண்டு செட்டில் ஊதுகிறார். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர் வீடோ, சாமி கும்பிடுகிறவர் வீடோ, உடலைத் தூக்குவதற்கு முன் வாசலில் நின்று தனியாக ஒரு நீண்ட சுரம் ஊதுவார். அதற்குப் பிறகுதான் டிரம். அந்தச் சத்தம் கேட்டதும் கடைத்தெருவில் மரியாதைக்கு ஷட்டரைப் பாதி இறக்குவார்கள். இப்படிப் பேர் எடுத்தவன் நோயாளி இருக்கிற வீட்டுக்குள் நுழையலாமா? அவர் மனைவியே வீட்டுக்குள் ஹார்னை உறையிலிருந்து எடுக்க விடுவதில்லை.

பியானோ சொல்லிக்கொடுக்கும் அனுசியா டீச்சர், ஹார்னுக்கும் பியானோவுக்குமாக ஒன்பது நிமிட இசை ஒன்றை எழுதியிருந்தார். மெட்டு எங்கே, தாளம் எங்கே என்று ரெக்சன் தேட வேண்டியிருந்தது. அடுத்த மாதம் அரங்கேற்றம். ஒத்திகை டீச்சர் வீட்டு மாடியில், கடைத்தெருவைப் பார்த்த அறையில். பக்கத்து அறையில் டீச்சரின் அப்பா தங்கதுரை படுத்திருந்தார். அதே தெருவில் முப்பது வருடம் பாத்திரக்கடை நடத்தியவர். இருதயம் பழுதாகி மூன்று மாதமாகப் படுக்கை.

"டீச்சர், அண்ணாச்சி காதுல விழுந்தா என்ன நெனப்பாவ? நம்மளத் தூக்க வந்துட்டான்னு பதறி ஏதும் ஆயிட்டா? வேற எங்கனயாவது வச்சுக்கிடுவோமே."

"பியானோவத் தூக்கிட்டுப் போக முடியுமா? ஒண்ணும் ஆவாது. ஊதுங்கண்ணே."

மூன்று நாள் ரெக்சன் ஹார்னின் அகன்ற வாய்க்குள் கையைத் திணித்து, முனகலாக ஊதிச் சமாளித்தார். நான்காம் நாள் கடைசிப் பகுதி. அதில் பியானோவின் முன்பலகையைக் கழற்றிவிட்டு, டீச்சர் காலடியில் உள்ள மிதியை மட்டும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஹார்னின் வாய் பின்பக்கம் பார்ப்பது என்பதால், ரெக்சன் பியானோவுக்கு முதுகைக் காட்டி நின்று முழு மூச்சோடு ஊத வேண்டும். அவர் நிறுத்தியதும், அந்த அதிர்வில் பியானோவின் கம்பிகள் தாமாகவே அந்தச் சுரத்தைத் திருப்பிச் சொல்லும்.

கடவுளை நினைத்துக்கொண்டு ஊதினார். தனியாக ஒரு நீண்ட சுரம். நிறுத்தியதும் முதுகுக்குப் பின்னால் கம்பிகள் முனகின. எதிரே ஜன்னல். கீழே பார்த்தார். மளிகைக்கடை பால்துரை ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தார். அடுத்து மருந்துக்கடை. அதற்கடுத்து ஜவுளிக்கடை.

"டீச்சர், கடைய அடைக்காங்க!"

பக்கத்து அறையில் இருமல்கூடக் கேட்கவில்லை. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தார் ரெக்சன். டீச்சர் ஓடிப்போய் அப்பாவின் அறைக் கதவைத் திறப்பதற்குள் படியில் தடதடவென்று ஆட்கள் ஏறி வந்துவிட்டார்கள். முன்னால் பால்துரை, கையில் பக்கத்துப் பூக்கடையிலிருந்து எடுத்து வந்த ரோஜா மாலை.

கதவு திறந்தபோது தங்கதுரை படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை நெஞ்சில். கண் ஜன்னலுக்கு வெளியே, இறங்கிய ஷட்டர்கள் மேல்.

"யாருலே செத்தது?"

பால்துரை மாலையைப் பின்னால் ஒளித்தார். கிழவர் அதையும் பார்த்துவிட்டார். முகம் வெளுத்தது.

"தப்பு எம்மேலதான் அண்ணாச்சி," என்று ரெக்சன் அழவே தொடங்கிவிட்டார். "நான் ஊதுனதக் கேட்டு நீங்கதான்னு நெனச்சுட்டாவ."

தங்கதுரை அவரைப் பார்க்கவில்லை. வாசலை அடைத்து நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எல்லாம் பழைய முகங்கள்.

"பால்துரை, இந்த மாடிக்கு எத்தன படி?"

"பதினாலு, அண்ணாச்சி."

"மூணு மாசமா அது ஏறத் தெரியலியாக்கும்?"

தங்கதுரை கையை நீட்டி ரெக்சனின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி, நாளைக்கும் வா. இதே மாதிரி சத்தமா ஊது. அப்பத்தான் இவனுவ வாரானுவ."