நான் அண்ணை என்று கூப்பிட்ட பிரபு

சுவிசில், ஆராவ் நகருக்குக் கிட்ட ஒரு பழைய மாளிகையில் சமையல் வேலை செய்தேன். வீட்டுக்காரர் ஒரு பிரபு. நெடுத்த மனுசன், முழங்கை தேய்ந்த கோட்டு. சுவரில் தொங்கிய மூதாதையர் படங்களைத் தாண்டும்போது ஒவ்வொருவருக்கும் தலை குனிவார். அவர்களின் கதையெல்லாம் எனக்குச் சொல்லியிருக்கிறார். தமிழ்ச் சொற்களுக்கு என்னிடம் அர்த்தம் கேட்டுப் பழகி, என்னைத் "தம்பி" என்பார். நான் "அண்ணை" என்பேன்.

ஒருநாள் விருந்துக்கு வந்த அவருடைய தங்கச்சி, "ஆர் இது?" என்று கேட்டார்.

"மைன் தமிலே" என்று ஜெர்மன் மொழியில் சொன்னார் பிரபு. என்ரை குதிரை என்பதுபோல, என்ரை தமிழனாம்!

அடுத்த நாள் காலை, "தம்பி, கோப்பி" என்றார்.

"கொண்டு வாறன், பிரபு" என்றேன்.

கொஞ்சம் நின்றார். பிறகு என்னைத் தாண்டிப் போகையில் தலை குனிந்தார். அது எனக்கோ, என் தலைக்கு மேல் தொங்கிய அவருடைய பூட்டனுக்கோ, இன்றுவரை தெரியாது.