‘மாமியார் வீடு’ என்றொரு மைதானம்

நனைந்த தோல் பந்து செங்கல் சுவரில் மோதும்போது எழும் "தொப்" என்ற சத்தம்தான் என் சிறுவயது மாலைகளின் சத்தம். எழுபதுகளின் நடுவில், திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுத் தோட்டத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கல்லூரி மைதானம் இருந்தது. மலைப் பக்கம் மேடாகவும் எங்கள் பக்கம் பள்ளமாகவும் சரிந்து கிடந்த தரை அது. மழைத் தண்ணீரும் சரி, கோலுக்கு மேலே பறந்த பந்தும் சரி, கடைசியில் எங்கள் வீட்டைத் தேடித்தான் வந்து சேரும். மலைப் பக்கத்துக் கோலை மாணவர்கள் "முடி" என்றார்கள், எங்கள் பக்கத்துக் கோலை "அடி" என்றார்கள். அண்ணாமலையாரின் அடியையும் முடியையும் தேடிப் போன கதையைக் கேட்டு வளர்ந்த ஊரில் வேறெப்படிப் பெயர் வைப்பார்கள்? டாஸ் ஜெயித்தவர்கள் முதல் பாதியில் காத்து நிற்க "அடி"யையே கேட்பார்கள். அப்போதுதான் களைத்துப்போன இரண்டாம் பாதியில் இறக்கத்தில் ஓடி வரலாம்.

கார்த்திகை தீபத்துக்கு வரும் கிராமத்து ஜனங்கள் அந்த மைதானத்தில்தான் தங்கி, கல் கூட்டிச் சமைப்பார்கள். கூட்டம் கலைந்ததும் மாணவர்கள் வரிசையாக நடந்து, கரி படிந்த கற்களைப் பொறுக்கி ஓரத்தில் குவிப்பார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வருஷத்தின் முதல் ஆட்டம். கோச்சும் பொறுக்க வேண்டும், காப்டனும் பொறுக்க வேண்டும். குனியாதவனுக்கு அணியில் இடமில்லை என்பது எழுதாத சட்டம்.

அம்மாவுக்கோ பந்து என்றாலே ஆகாது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து எங்கள் நிலத்தில் விளைந்த வேர்க்கடலையை, எங்கள் பேச்சில் "மல்லாட்டை"யை, தோட்டத்தில் காயவைத்தால் சரியாக அதன் நடுவில் வந்து விழும். ஒருமுறை அப்படி விழுந்த பந்தை அரிவாள்மணையில் வைத்து அறுத்தே விட்டாள். அதற்குப் பிறகு சுவர் ஏறிக் குதிக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. மைதானத்துக்குத் திறக்கும் சின்னக் கதவொன்று அந்தச் சுவரில் இருந்தது. அதை எப்போதும் பூட்டியே வைத்திருந்தாள். இத்தனைக்கும் கல்லூரி அணியின் சென்டர் பார்வர்டு என் அண்ணன் தணிகாசலம். "உன் ஆட்டத்தயெல்லாம் அந்தப் பக்கமே வெச்சிக்கோ" என்பாள். ஆனால் அண்ணன் ஆடும் நாளில் துவைக்கிற கல்மேல் ஏறி நின்று, சுவருக்கு மேலாகத் தலையை நீட்டிப் பார்ப்பாள். அவளுக்குப் பக்கத்தில் அண்ணனுக்கு அடுத்தவளான மல்லிகா அக்கா. கடைக்குட்டிப் பெண்ணான நான் கவிழ்த்த அண்டாமேல்.

அந்த வருஷம் தீபத்துக்குப் பிறகு வேலூர்ப் பக்கமிருந்து ஒரு கல்லூரி அணி வந்தது. அவர்களுடைய கோல்கீப்பர் ஏழுமலை நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். எங்களூர் மாணவர்கள் அவரைப் பார்த்ததுமே "ஒட்டடைக்குச்சி" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அந்த ஒட்டடைக்குச்சியைத் தாண்டிப் பந்து போகவில்லை. இரண்டாம் பாதியில் அவர் எங்கள் "அடி"க்கு வந்து நின்றார். அண்ணன் அடித்ததையெல்லாம் பிடித்தார். அண்ணனுக்கு முகம் சிவந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரு பந்துக்கு இறக்கத்தில் முழு வேகமாக ஓடி வந்தான். ஏழுமலை அதன்மேல் பாய்ந்தார். அண்ணனின் முழங்கால் அவர் தோளில் இடித்த சத்தம் எங்கள் காதுவரை கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. முகம் வெளுத்துப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

கூட்டம் விசிலடித்தது. அம்மா கல்லிலிருந்து இறங்கி, சாவியை எடுத்து, அந்தக் கதவைத் திறந்தாள்.

"இன்னாடா வேடிக்க பாத்துனு நிக்கிறீங்க? இங்க தூக்கினு வாங்கடா அவன!"

நான் பார்த்து அந்தக் கதவு திறந்தது அதுதான் முதல் தடவை. அப்பா வண்டி பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். காறை எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டு, சில நாட்களுக்குப் பஸ்ஸில் குலுங்கிப் போகக் கூடாது என்றார்கள். அவருடைய அணி இருட்டுவதற்குள் ஊர் திரும்பியாக வேண்டும். "எங்க ஊட்டுல இருக்கட்டும். நீங்க போங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

முறிந்தது வலது பக்கம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இலை போட்டதும் அவர் இடது கையால் தடுமாறினார். அம்மா அண்ணனைக் கூப்பிட்டாள்.

"ஒடச்சது நீதான? நீயே ஊட்டு."

"அம்மா, இன்னாமா நீ…"

"ஊட்டுடா."

காலேஜே கொண்டாடிய சென்டர் பார்வர்டு சம்மணமிட்டு உட்கார்ந்து, எதிரணி கோல்கீப்பருக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டியதை அக்காவும் நானும் கதவுக்குப் பின்னால் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தோம். முதல் நாள் இருவரும் பேசவில்லை. மறுநாள் "காரம் ஜாஸ்தியா?" என்று அண்ணன் கேட்டான். அதற்கப்புறம் பந்தைத் தவிர வேறு பேச்சில்லை. கஞ்சி கொண்டுவரும் அக்கா, அவர் பக்கம் திரும்பாமலே "ஆறவெச்சிக் குடுண்ணா, நாக்கு வெந்துடும்" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போவாள். யாருடைய நாக்கு என்று எனக்குக்கூடத் தெரிந்தது.

அவர் போன சில மாதங்களில் அவருடைய பெற்றோர் பழத்தட்டோடு பெண் கேட்டு வந்தார்கள். சாதி சனம் எல்லாம் ஒத்துவந்தாலும் அப்பா தயங்கினார். "படிப்பே இன்னும் முடியல. பந்து புடிக்கிறத நம்பிப் பொண்ணு குடுக்க முடியுமா?" என்றார். அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாதான் ஒருநாள் அப்பா எதிரில் உட்கார்ந்து சொன்னாள்:

"எலும்பு ஒடஞ்சி கெடந்தான். அந்த வலியில கூட நம்ம புள்ளய ஒரு வார்த்த திட்டல. இதுக்கு மேல இன்னா பாக்கணும்?"

அக்காவைக் கேட்டபோது அவள் தலையைக் குனிந்துகொண்டு, "பந்த மட்டும் ஊட்டுக்குள்ள எடுத்துனு வரக் கூடாதுனு சொல்லும்மா" என்றாள். வேலை கிடைத்த பிறகு கல்யாணம் என்று நிச்சயமானது.

அடுத்த வருஷமும் அதே அணி எங்களூருக்கு வந்தது. நிச்சயமான செய்தி கல்லூரி முழுக்கத் தெரிந்திருந்தது. ஏழுமலை மைதானத்துக்குள் காலெடுத்து வைத்ததும் "முடி"ப் பக்கக் கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "டேய், மாப்ள மாமியார் ஊட்டுக்கு வந்துட்டான்டா!" மைதானமே சிரித்தது. அவர் கூச்சத்தில் நெளிந்தார். பிறகு எங்கள் சுவர்ப் பக்கம் திரும்பி, அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். சிரிப்பு இன்னும் பெரிதானது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இடைவேளையில் கதவைத் திறந்து அவருக்கு ஒரு சொம்பு மோர் நீட்டியவள், "அந்தக் கோலிப் புள்ளயயும் கூப்புடு, அவனுக்கு மட்டும் தாகம் எடுக்காதா?" என்று எங்கள் அணியின் கோல்கீப்பர் பையனுக்கும் கொடுத்தாள்.

இரண்டாம் பாதியில் எங்களூருக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவன் அண்ணன். "அடி"யில் நின்றவர் மாப்பிள்ளை. துவைக்கிற கல்மேல் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் ஓடி வந்து, கோல்கீப்பரின் வலது பக்கம், தரையோடு தரையாக அடித்தான். ஏழுமலை பந்து கிளம்பும்போதே அந்தப் பக்கம், அந்தத் தோள்மேலேயே, விழுந்து தடுத்துவிட்டார். அந்த ஆட்டத்தில் எங்களூர் தோற்றது.

அண்ணன் நேராக அவரிடம் போனான். அடிதடிதான் என்று நினைத்தோம்.

"எப்படிடா தெரிஞ்சிது உனக்கு?"

"சோறு ஊட்டும்போது நீதான சொன்ன? பெனால்டின்னா எப்பவும் கோலிக்கு வலது பக்கந்தான், தரையோட தான் அடிப்பேன்னு."

அண்ணன் அவரை முறைத்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தான்.

அன்றிலிருந்து அந்த மைதானத்துக்கு "மாமியார் வீடு" என்று பெயர். வெளியூர் அணிகளெல்லாம் "மாப்பிள்ளைங்க". எண்பதுகளில் அதே கல்லூரியில் நான் சேர்ந்தபோது அது ஒரு சம்பிரதாயமாகவே ஆகியிருந்தது. வரும் அணியின் காப்டன் ஆட்டத்துக்கு முன் எங்கள் கதவைத் தட்டி அம்மாவைக் கும்பிட வேண்டும், இரு கோல்கீப்பர்களுக்கும் இடைவேளையில் மோர், பந்து தோட்டத்தில் விழுந்தால் "அத்தை!" என்று கூப்பிட்டால்தான் திரும்பி வரும். முன்பின் தெரியாத பையன்கள் "அத்தே, அத்தே" என்று கெஞ்சுவதைக் கேட்டுக்கொண்டு, வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்துத்தான் பந்தை வீசுவாள்.

அம்மா போய் வெகுநாளாகிறது. அந்த வீடு கைமாறி, இடிந்து, இப்போது அந்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. மைதானத்தின் சரிவை மண் கொட்டிச் சமப்படுத்தி விட்டார்கள். "அடி", "முடி" என்று யாரும் சொல்வதில்லை. தீபத்தின்போது மைதானத்துக்குள் அடுப்பு மூட்ட அனுமதி இல்லையாதலால் பொறுக்கக் கல்லும் இல்லை. போன மாதம் வேங்கிக்காலில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு எல்லோரும் வந்திருந்தபோது ஓர் ஆட்டம் பார்க்கப் போனோம். அக்காவும் நானும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். பக்கத்திலிருந்த மாணவனிடம், இந்த மைதானத்துக்கு ஏதோ பெயர் உண்டாமே என்று கேட்டேன்.

"மாமியார் வீடு, ஆன்ட்டி. மாமியார் வீடுன்னா ஜெயிலு. இங்க வர்ற டீம் எல்லாம் மாட்டிக்கும். அதான்."

அக்கா சிரித்துவிட்டாள். "ஜெயிலு இல்லப்பா. நெஜமான மாமியாரு. எங்கம்மா."

பையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நம்பியதாகத் தெரியவில்லை. "அப்ப மாப்ள யாரு?" என்றான்.

அக்கா கை காட்டினாள். கோல் கம்பத்துக்குப் பின்னால், வெயிலில், கைலியை மடித்துக் கட்டிய நெட்டைக் கிழவர் ஒருவர், வெளியூர் கோல்கீப்பருக்கு ஏதோ சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

"அவரு எந்த டீம் ஆளு, ஆன்ட்டி?"

"எந்த டீமும் இல்ல" என்றாள் அக்கா. "எவன் கோலியோ, அவன் பக்கம்."